கருவியைக் குறை கூறுமுன்

"சங்கத்துக் கருவி கெட்டுவிட்டது, அதை விற்றுவிட்டுப் புதியது வாங்க வேண்டும்" என்று ஒரு தீர்மானம் நிர்வாகக் குழுவின் முன் வருமானால், குழுவினர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கெட்டது கருவிதானா? அன்றி, அதனிடம் நாம் ஒப்படைத்த வேலைதான் அதற்குப் பொருந்தாததா? இக்கேள்வியைக் கேளாமல் செலவு செய்த சங்கங்களை நான் கண்டிருக்கிறேன். அண்மையில் ஒரு சங்கம் அவ்வாறு செய்ய முற்பட்டு, கடைசி நேரத்தில் நின்றுகொண்டது. அந்த வரலாறு நம் அங்கத்தினர் யாவருக்கும் பயன்படும் என்பதால் இங்கு எழுதத் துணிந்தேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். அச்சங்கத்தின் துண்டுகளில் சாயம் கசிகிறதென்று வாங்கியவர்கள் ஒரு பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டிருந்தனர். நூலுக்குச் சாயமிட்ட பின் சோப்பு நீரில் கொதிக்கவிட்டு, இழையில் பற்றாத சாயத்தை நீக்கும் கடைசிப் படியை அவசரத்தில் குறைத்துக்கொண்டதே இதற்குக் காரணம். அதைச் செம்மையாகச் செய்யும் விதத்தை விளக்கி ஒரு பயிற்சி நிலையத்தார் எடுத்த படம், பென்டிரைவில் சங்கத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அதைக் காண்பதற்காகச் சுமார் அறுபது அங்கத்தினர்கள் தறியை நிறுத்திவிட்டு, அரை நாள் கூலியை இழந்து, சங்கக் கூடத்தில் வந்து அமர்ந்திருந்தார்கள்.

கூடத்தில் இருந்தது படக்குழாயுள்ள பழைய தொலைக்காட்சிப் பெட்டி. 2006ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின்கீழ் இல்லந்தோறும் வந்தனவே, அவற்றைப் போன்றது. அதனுடன் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளால் இணைக்கப்பட்ட டி.வி.டி. கருவி ஒன்று. அதன் முகப்பில் பென்டிரைவ் செருகும் துளையும் உண்டு. காரியதரிசி பென்டிரைவைச் செருகினார். படம் வரவில்லை. ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் தோன்றியது. பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு நெசவாளர் மகன் எழுந்து, "இந்த வகைக் கோப்பை ஏற்பதற்கில்லை என்று எழுதியிருக்கிறது" என்று பொருள் சொன்னான். அலுவலகத்து மடிக்கணினியில் அதே பென்டிரைவைப் போட்டுப் பார்த்தபோது படம் தடையின்றி ஓடியது. அதன்பின் விசாரணை எதற்கு? கருவி கெட்டது என்று கூடம் முழுவதும் தீர்ப்புக் கூறிவிட்டது. கெட்ட கருவியை வாங்கியவர் என்ற பழி காரியதரிசியின்மேல் விழுந்தது. கருவியையும் பெட்டியையும் ஏலத்தில் விட்டுப் புதிய தொலைக்காட்சி வாங்குவதென்று தீர்மானமும் எழுதப்படலாயிற்று.

நான் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அலமாரியில் பழைய டி.வி.டி. தட்டு ஏதேனும் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள் என்றேன். தூசி படிந்த ஒரு பக்திப் படத் தட்டுக் கிடைத்தது. போட்டவுடன் படமும் ஒலியும் குறைவின்றி வந்தன. ஆக, கருவி கெடவில்லை என்பது வெளிப்பட்டது. பின் அந்தப் படம் ஏன் வரவில்லை?

இதற்கு விடை காண, படங்களைச் சுருக்கும் முறையைச் சிறிது அறிந்துகொள்வது அவசியம். நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கான டி.வி.டி. படத்தின் ஒவ்வொரு சட்டமும், குறுக்கே 720, நெடுக்கே 576 ஆக, 4,14,720 புள்ளிகளால் ஆனது. விநாடிக்கு 25 சட்டங்கள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் மூன்று பைட்டுகளில் எழுதினால், விநாடி ஒன்றுக்கு 3 கோடியே 11 லட்சம் பைட்டுகள் வேண்டும். ஒரு சாதாரண டி.வி.டி. தட்டின் கொள்ளளவோ 470 கோடி பைட்டு. சுருக்காமல் எழுதினால் அத்தட்டில் இரண்டரை நிமிடப் படத்துக்கு மேல் இடமிராது. ஆகவே சுருக்கம் என்பது ஆடம்பரமன்று; அதுவின்றிப் படத்தட்டே இல்லை.

சுருக்குவது எவ்வாறு? நெசவாளர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சேலை முழுவதும் நூறு புட்டாக்கள் வந்தாலும், அவற்றுக்காக நூறு முறை அட்டை அடிப்பதில்லை. ஒரு புட்டாவுக்கு அட்டை அடித்து, அதையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறோம். படச் சுருக்கமும் இத்தகையதே. ஒரு சட்டத்தை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்த சட்டங்களில் எது மாறிற்று, எது எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் குறித்து வைக்கிறார்கள். அக்குறிப்பைப் படித்து மீண்டும் படமாக விரிப்பது கருவியினுள் இருக்கும் சில்லின் பணி. குறிப்பு எழுதிய முறையும் அதைப் படிக்கும் சில்லும் ஒத்திருக்க வேண்டும் என்பதே இங்கு முக்கியமான விஷயம். 240 கொக்கி ஜக்கார்டுக்கென்று துளையிட்ட அட்டைகளை 120 கொக்கிப் பெட்டியில் மாட்டிவிட்டு, பெட்டி கெட்டுவிட்டது என்று எந்த நெசவாளராவது சொல்வாரா? சங்கக் கூடத்தில் நாம் சொன்னது அதைத்தான்.

டி.வி.டி. கருவிகள் 1996ஆம் ஆண்டு நவம்பரில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. அவற்றின் படத் தட்டுகளுக்கு எம்பெக்-2 என்ற சுருக்கமுறை வகுக்கப்பட்டது. டி.வி.டி. முத்திரை தாங்கிய படக் கருவி எதுவாயினும், அந்த விதிப்படி எழுதப்பட்ட தட்டை ஓட்டியே தீர வேண்டும். அது அக்கருவியின் கடமை.

பென்டிரைவிலுள்ள கோப்புகளை ஓட்டுவது அத்தகைய கடமையன்று. அது பின்னாளில் உற்பத்தியாளர்கள் தாமாகச் சேர்த்துக் கொடுத்த சலுகை. 1999ஆம் ஆண்டு எம்பெக்-4 என்ற புதிய முறை வெளிவந்தது. அதைத் தழுவிய டிவெக்ஸ், எக்ஸ்விட் முதலிய முறைகளால், இரண்டு மணி நேரப் படத்தை 700 மெகாபைட்டுக் குறுந்தகடு ஒன்றில் அடக்கிவிட முடிந்தது. கணினியில் மட்டும் ஓடிய இக்கோப்புகளை 2003ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த கிஸ் நிறுவனம் தன் டி.வி.டி. கருவியிலும் ஓடச் செய்தது. பிறரும் பின்பற்றினர். பென்டிரைவ் துளையுடன் நம் கடைகளுக்கு வந்த மலிவான கருவிகளிற் பல, இந்த வழியில் வந்தவையே. அவை அறிந்த முறைகள் எம்பெக்-1, எம்பெக்-2, அந்தப் பழைய எம்பெக்-4 ஆகியவைதாம்.

அதே 2003ஆம் ஆண்டில் எச்.264 என்ற வேறொரு முறை ஒப்புதல் பெற்றது. எம்பெக்-2 எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஏறக்குறையப் பாதியிலேயே அதே தரமான படத்தைத் தர வல்லது அது. கைப்பேசிகளும் படப்பிடிப்புக் கருவிகளும் அதனை மேற்கொண்டன. 2013இல் அதனினும் இறுக்கமான எச்.265 வந்தது. கணினியில் புதிய மென்பொருளை ஏற்றினால் அது புதிய முறையைப் படிக்கக் கற்றுக்கொள்ளும். டி.வி.டி. கருவியின் சில்லிலோ விரிக்கும் வழி சில்லிலேயே அமைந்துவிட்டது. 120 கொக்கிப் பெட்டியில் கொக்கியைக் கூட்ட இயலாதது போலவே, இதுவும்.

இப்போது நம் சாயப் படத்திற்கு வருவோம். அந்தக் கோப்பை நான் ஆராய்ந்தபோது, அது எச்.264 முறையில், 1920க்கு 1080 அளவில் எடுக்கப்பட்டதென்று தெரிந்தது. இந்த அளவில் ஒரு சட்டத்துக்கு 20,73,600 புள்ளிகள், டி.வி.டி. சட்டத்தைப்போல் சரியாக ஐந்து மடங்கு. முறையும் பொருந்தவில்லை, அளவும் பொருந்தவில்லை. கருவி "ஏற்பதற்கில்லை" என்று சொன்னது உண்மை. அதை நாம் அறிந்த மொழியில் சொல்லவில்லை என்பது மட்டுமே குறை.

வேறொரு சங்கத்திலும் இதன் உடன்பிறந்த தொல்லையைக் கண்டேன். பருத்தி விளைவிப்போர் சங்கம் அது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்கும் விதத்தைப் பற்றிய படம். ஒலி தெளிவாக வந்தது; திரையோ கறுப்பாகவே இருந்தது. பொறியை எந்த உயரத்தில் எப்படிக் கட்டுவது என்பதைக் காதால் கேட்டுவிட்டு அங்கத்தினர்கள் வீடு திரும்பினார்கள். கோப்பின் பெயர் ஏ.வி.ஐ. என்று முடிகிறது, கருவியின் அட்டையிலும் ஏ.வி.ஐ. என்று அச்சிட்டிருக்கிறது, பின் ஏன் ஓடவில்லை என்று அவர்கள் கேட்டது நியாயமே.

ஏ.வி.ஐ. என்பதும் எம்.பி.4 என்பதும் உறைகளின் பெயர்கள். கடிதத்தின் மொழி அன்று. 1992இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வகுத்த ஏ.வி.ஐ. உறைக்குள் எம்பெக்-4 படத்தையும் வைக்கலாம், எச்.264 படத்தையும் வைக்கலாம், ஒலி எம்.பி.3 ஆகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். உறையைப் பிரிக்கத் தெரிந்த கருவி, உள்ளிருக்கும் இரண்டு கடிதங்களில் ஒலிக் கடிதத்தைப் படித்துவிட்டுப் படக் கடிதத்தைப் படிக்க மாட்டாமல் விட்டுவிட்டது. இதற்கு மாறாகப் படம் வந்து ஒலி வாராதிருப்பதும் உண்டு. கோப்பின் பெயரை மாற்றி எழுதிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். உறையின் மேல் முகவரியை மாற்றுவதால் உள்ளே எழுதிய மொழி மாறிவிடாது.

பென்டிரைவே கருவியின் கண்ணுக்குத் தெரியாமற் போவதும் உண்டு. இக்கருவிகளிற் பல, ஃபேட்32 என்னும் பழைய ஒழுங்கில் அமைந்த பென்டிரைவையே படிக்கும். 64 கிகாபைட்டும் அதற்கு மேலும் உள்ளவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வேறு ஒழுங்கில் அமைந்து வருகின்றன. ஃபேட்32இலும் ஒரு வரம்பு உண்டு. தனிக் கோப்பு ஒன்று 4 கிகாபைட்டை எட்டலாகாது.

இவ்வளவும் கேட்டபின் அன்பர் சிலர் கூறக்கூடும்: "பழைய கருவிக்காக இத்தனை பாடு எதற்கு? காலத்துக்கு ஏற்பப் புதியதை வாங்கிவிட்டால் போகிறது" என்று. பணம் உள்ள சங்கம், பெட்டியும் பழுதுற்ற நிலையில், புதியதை வாங்குவதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் புதியது வாங்கினால் இத்தொல்லை ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கை தவறு. இன்றைய கருவி எச்.264ஐப் படிக்கும்; எச்.265ஐப் படிக்குமா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 2018இல் ஏவி1 என்ற முறையும் வந்துவிட்டது. சுருக்கமுறை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பங்குப் பணத்திலிருந்து ஒரு பெட்டி வாங்குவது சிக்கனமாகாது. மேலும், சங்கக் கூடத்தில் பெட்டியை மாற்றிவிடலாம். அங்கத்தினர் வீட்டில் இருப்பதை யார் மாற்றுவது?

"கையில் கைப்பேசி இருக்கிறதே, அதில் பார்த்துக்கொள்ளட்டும்" என்பது இன்னொரு அபிப்பிராயம். இளைஞர்கள் பார்ப்பார்கள். நாற்பதாண்டு தறியில் அமர்ந்து கண் மங்கிய முதியவர் உள்ளங்கை அகலத் திரையில் நூலின் நிறமாற்றத்தைக் காண்பாரா? கூடி அமர்ந்து பார்க்கும்போது ஒருவர் "நிறுத்து" என்கிறார். மற்றொருவர் "நாம் செய்வது அப்படியல்லவே" என்கிறார். படத்தால் விளையும் நன்மையில் பாதி அந்தப் பேச்சில் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு வலிமையுடையது, அதை மறைக்கலாகாது. புதிய முறையில் உள்ள கோப்பைப் பழைய முறைக்கு மாற்றும்போது தரம் குறையும். ஐந்து மடங்கு புள்ளிகளை ஒரு மடங்காக்கினால், நுண்மை போகத்தான் செய்யும். சாயத்தின் அளவும் வெப்பநிலையும் திரையின் அடியில் பொடி எழுத்தில் எழுதப்பட்டிருந்தால், மாற்றிய படத்தில் அவற்றைப் படிக்க முடியாமற் போகலாம். ஆயினும் இதற்கு மருந்து எழுத்தைப் பெரிதாக்குவதேயன்றிப் படத்தைக் காட்டாமல் விடுவதன்று. நுண்மை குன்றிய படத்தால் அறுபது பேர் கற்பார்கள். கறுப்புத் திரையால் ஒருவரும் கற்பதில்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இது: அங்கத்தினர்களுக்காகப் படம் எடுப்பவர்கள், தங்கள் மேசைமேலுள்ள சிறந்த கருவியை எண்ணாமல், அங்கத்தினர் கூடத்திலுள்ள எளிய கருவியை எண்ணி அதை வழங்க வேண்டும். மூலப்படம் உயர்ந்த தரத்தில் இருக்கட்டும். அதை அழிக்கவும் வேண்டாம். அதனுடன் எளிய பிரதி ஒன்றும் வர வேண்டும். அப்பிரதி டி.வி.டி. விதிப்படி எழுதப்பட்ட தட்டாக இருப்பின் மிக நன்று. ஏனெனில் அதை ஓட்டுவது கருவியின் கடமை. கோப்பை வெறுமனே தட்டில் பதிந்து கொடுப்பது இதுவாகாது. விதிப்படி எம்பெக்-2ஆக மாற்றி எழுதுவதே இது. பென்டிரைவில்தான் தர வேண்டுமெனின், ஏ.வி.ஐ. உறையில், 720க்கு 576க்கு மேற்படாத அளவில், பழைய எம்பெக்-4 படமும் எம்.பி.3 ஒலியுமாகத் தரலாம். எம்பெக்-4இலும் சில நுட்ப வசதிகள் உண்டு. முழுக் காட்சியின் அசைவையும் ஒரே கணக்கில் அடக்குவதும், புள்ளியின் காற்பங்கு வரை நகர்வை அளப்பதும் அத்தகையவை. கருவிகள் பலவற்றில் இவை படத்தைச் சிதைக்கின்றன. ஆதலின் இவற்றை விலக்கிவிடுவது நல்லது. மாற்றும் வேலைக்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எஃப்எஃப்எம்பெக் என்பது இலவசமாகவே கிடைக்கிறது. கணினி பழகிய அங்கத்தினர் மகனோ மகளோ ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

சங்கங்கள் செய்ய வேண்டியவையும் உண்டு. கருவியின் விளக்கப் புத்தகத்தில், எந்த உறை, எந்தப் படமுறை, எந்த ஒலிமுறை, எவ்வளவு புள்ளி என்று ஒரு பட்டியல் இருக்கும். அதைத் தமிழில் எழுதி இருப்புப் பதிவேட்டில் அக்கருவியின் பெயருக்கு நேரே ஒட்டி வைக்க வேண்டும். படத்தை முதல் நாளே ஒருமுறை முழுவதும் ஓட்டிப் பார்த்த பிறகே அங்கத்தினர்களுக்கு அழைப்பு அனுப்ப வேண்டும். அரை நாள் கூலி சிறு தொகையன்று. புதிய கருவி வாங்கச் செல்பவர்கள், தங்களிடம் உள்ள படக் கோப்பு ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று, கடையிலேயே ஓட்டச் சொல்லிப் பார்த்த பின் பணம் கொடுக்க வேண்டும். "எல்லாம் ஓடும்" என்ற வாய்ச்சொல் போதாது. சிட்டத்தை எடுத்து எண் பாராமல் நூல் வாங்குவோமா?

அச்சங்கத்தில் பின்னர் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். படத்தை டி.வி.டி. தட்டாக மாற்றி, அடுத்த மாதம் மீண்டும் கூட்டம் கூட்டினார்கள். வந்தவர்கள் முன்னிலும் குறைவு; ஒருமுறை ஏமாந்தவர்கள் மறுமுறை தறியை நிறுத்தத் தயங்கியது இயற்கையே. அந்த இழப்பையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும். படம் ஓடியது. சோப்பு நீரில் கொதிக்கவிடும் பகுதி வந்ததும், முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் அதைத் திருப்பிப் போடச் சொன்னார். மூன்று முறை பார்த்தார். பின்பு பக்கத்திலிருந்தவரிடம், "நாம் கொதி வருமுன்பே இறக்கிவிடுகிறோம் அப்பா" என்றார். அவ்வளவுதான்.

கருவியை ஏலம் விடும் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. காரியதரிசியின்மேல் விழுந்த பழியும் நீங்கியது. கருவி இன்றும் இருப்புப் பதிவேட்டில் நல்ல நிலையில் உள்ளதாகவே இருக்கிறது. அதன் பெயருக்கு நேரே, அது எதைப் படிக்கும், எதைப் படியாது என்று தமிழில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. ஏனைய சங்கங்களும் அடுத்த படத்தைப் போடுமுன் அத்தகைய தாள் ஒன்றை எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டுமென்பதே என் விண்ணப்பம்.